நாலு பச்சை அந்துப்பூச்சி: நாலும் ஒன்றா, வேறு வேறா?

விம்கோ மாடி
வணக்கம். திருவொற்றியூர் பக்கம், விம்கோ நகர். மழை விட்டு மூன்று நாள் ஆகிறது. அன்றிலிருந்து மாடிப்படி டியூப்லைட்டைச் சுற்றிப் பச்சை அந்துப்பூச்சியாக வருகிறது. அம்மா விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்துகிறார், நான் ஸ்டூல் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

படம் 1: இறக்கையை விரித்துச் சுவரோடு சுவராக அப்பிக்கொண்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் குறுக்கே இரண்டு மெல்லிய வெளிர் கோடுகள்.
படம் 2: பச்சைக் கண்ணாடித்தாள் மாதிரி பளபளப்பு. முன்னிறகின் மேல் ஓரம் முழுக்கப் பழுப்பு.
படம் 3: குண்டு, உடம்பெல்லாம் மயிர். பச்சைக்குக் கீழே அகலமான பழுப்புக் கரை. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
படம் 4: சுண்டுவிரல் நகம் அளவுதான். வெள்ளையில் பச்சைப் பட்டை.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலியில் போட்டேன். முதல் இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்கிறது, 'தலசோடஸ் குவாட்ரேரியா'. மூன்றாவதற்கு வேறு பெயர். நாலாவதற்கு 'அந்துப்பூச்சி' என்று மட்டும் வருகிறது. அதை ஸ்டூலில் ஏறாமலே நானே சொல்லியிருப்பேன். யாராவது உதவுங்கள்.

பேசின்பிரிட்ஜ்
ஸ்டூலை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பூச்சி பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, எலும்பு டாக்டர் பெயர் தெரிய வேண்டிய நிலைமை வேண்டாம்.

இரவுத்திரை
தம்பி, படங்கள் நன்றாக இருக்கின்றன. நாலும் வேறு வேறு. இனம் மட்டும் வேறு என்று நினைக்காதீர்கள், குடும்பமே வேறு. நாயும் பூனையும் எப்படித் தனித்தனிக் குடும்பமோ அப்படி. பச்சை என்பது மட்டும்தான் பொதுவாக இருக்கிறது, அதனால்தான் குழப்பம். இலை மேல் உட்காருகிறவை எல்லாம் தனித்தனியாகப் பச்சையைப் பிடித்துக்கொண்டன.

ஆகவே நிறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். முதலாவது நாலு இறக்கையையும் தட்டையாக விரித்திருக்கிறது. பின்னிறகின் வெளி ஓரம் வட்டமாக வளையாமல் நடுவில் சின்ன முனையாக நீட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். இது ஜியோமெட்ரிடே குடும்பம். இதன் புழு சாண் போட்டு அளக்கிற மாதிரி நடக்கும்.

இரண்டாவதன் உணர்கொம்பைப் பாருங்கள். நீளம், நூல் மாதிரி, முதுகின் மேல் பின்னால் சாய்த்துவைத்திருக்கிறது. கால்களும் ஒல்லியாக நீண்டவை. முகத்துக்கு முன்னால் சின்ன மூக்கு மாதிரி ஒன்று நீட்டியிருக்கும். இது கிராம்பிடே குடும்பத்தில் பாரோட்டிஸ். இறக்கையின் பின்னால் இருக்கிற சுவர் லேசாகத் தெரிகிறதல்லவா? முதலாவதில் அப்படித் தெரியாது.

மூன்றாவது பராசா லெபிடா, சந்தேகமே இல்லை. நாலாவது வெண்டைக்காய்ப் புழுவின் தாய். அதற்கு மணலியிலிருந்து ஒருவர் வருவார், அவரே சொல்லட்டும்.

படம் 1 பெண் என்று நினைக்கிறேன், உணர்கொம்பு சாதாரண நூலாகத் தெரிகிறது. ஆணுக்குச் சீப்புப் பல் மாதிரி இருக்கும்.

கத்திவாக்கம் கடைசிவண்டி
அக்கா, படம் 1-ஐப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது கொம்பில் பல் தெரிகிறது.

இரவுத்திரை
ஆமாம், தெரிகிறது. அப்போது ஆண்தான். போனிலேயே பார்த்துவிட்டு அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கம்ப்யூட்டரில் திறந்தால் அடியிலிருந்து பாதிக்கு மேல் சீப்பு தெளிவாக இருக்கிறது.

பெயர்வேணும்
அப்படியானால் படம் 1 'தலசோடஸ் குவாட்ரேரியா' என்று செயலி சொன்னது சரிதானே? நீங்கள் ஏன் குடும்பப் பெயரோடு நிறுத்திவிட்டீர்கள்? பாதிப் பெயர் சொல்வதற்கு எதற்கு இவ்வளவு நீளப் பதிவு?

இரவுத்திரை
நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பச்சைக் கூட்டத்தின் கதை கொஞ்சம் சிக்கலானது. குவாட்ரேரியா என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கெனே என்ற பிரெஞ்சுப் பூச்சி ஆய்வாளர் வைத்த பெயர். அப்புறம் ரொம்ப காலம், நம் ஊரில் தட்டையாக உட்காருகிற, மெல்லிய இரட்டைக் கோடு போட்ட, பின்னிறகு முனை நீண்ட பச்சை எல்லாவற்றையும் தலசோடஸ் பெட்டியிலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். போர்னியோ அந்துப்பூச்சிகளை ஆராய்ந்த ஹாலோவே 1996இல் அந்தப் பெட்டியைப் பிரித்தார். பெலகோடஸ், ஓரோதலசோடஸ் என்று புதிய பேரினங்கள், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்துவைக்கும் புதிய பெட்டிகள், வந்தன. எதை வைத்துப் பிரித்தார்? இறக்கைக் கோட்டை வைத்து இல்லை. வயிற்று நுனியைத் திறந்து, உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை வைத்து.

அதாவது நமக்குப் பேரினமே படத்தில் தெரியாது, பிறகு இனம் எங்கே? செயலி குவாட்ரேரியா என்று சொல்வதற்குக் காரணம், அதற்கு முன்னால் ஆயிரம் பேர் அந்தப் பெயரையே போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவர் தப்பைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிறார், அதைப் பார்த்து இயந்திரம் படிக்கிறது, இயந்திரத்தைப் பார்த்து மறுபடி நாம் எழுதுகிறோம்.

நான் என் பதிவுகளில் 'தலசோடஸ், பெலகோடஸ் கூட்டம்' என்றுதான் எழுதுகிறேன்.

பெயர்வேணும்
கூட்டம் என்று எழுதினால் செயலியில் பதிவுக்கு 'ஆய்வுத் தரம்' என்ற முத்திரை கிடைக்காதே.

இரவுத்திரை
கிடைக்காது. வேண்டாம்.

ராயபுரம் வாத்தியார்
ஐந்து வருஷமாக உள்ளே வந்து படித்துவிட்டுப் போகிறேன், இன்றுதான் எழுதத் தோன்றியது. பள்ளியில் விலங்கியல் நடத்தினேன். ஒரு காலத்தில் என்னிடம் ஊசி குத்தி வைத்த பூச்சிப் பெட்டி இருந்தது. அதில் படம் 1 மாதிரி ஆறு பூச்சிகள். உலர்ந்து விறைத்துப்போனவற்றை ஈரப் பஞ்சு போட்ட டப்பாவில் ஒரு இரவு வைத்தால் மூட்டு இளகும், அப்புறம் இறக்கையை விரித்துக் குத்தலாம். அப்படி வைத்தேன். காலையில் திறந்தால் ஆறில் நாலு வைக்கோல் நிறம்! மாணவர்களிடம் 'இது பச்சை அந்துப்பூச்சி' என்று அந்த வைக்கோலைக் காட்டி ஒரு வருடம் பாடம் நடத்தினேன்.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த ஜியோமெட்ரிட் பச்சைகளில் இருப்பது ஜியோவெர்டின் என்ற நிறமி. இலைப் பச்சையம் சிதைந்து வருவது என்கிறார்கள். ஈரம் பட்டால் வெளுத்துவிடும். உயிரோடு இருக்கும்போதே மழையில் நனைந்து அடிபட்டது மஞ்சள் திட்டோடு சுற்றும். அதைப் பார்த்துப் 'புதிய இனம்' என்று துள்ள வேண்டாம்.

கத்திவாக்கம் கடைசிவண்டி
ஐயா, வாங்க வாங்க. நிறம் ஏமாற்றுவதற்கு என்னிடமும் ஒரு கதை உண்டு. எனக்கு இரவு ஷிப்ட். கத்திவாக்கம் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போது தூண் தூணாகப் பார்ப்பது வழக்கம். ரயில்வே போலீஸ் இரண்டு முறை விசாரித்திருக்கிறார்கள், இப்போது அவர்களே 'அங்கே ஒன்று உட்கார்ந்திருக்கு சார்' என்று காட்டுகிறார்கள்.

முன்பு ஒரு தெருவில் பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் ஒன்றைப் படம் எடுத்து, பழுப்பு அந்துப்பூச்சி என்று பதிந்துவைத்தேன். மறுநாள் காலை வேலை முடிந்து வரும்போது அதே கம்பத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, பச்சைப் பசேல் என்று. சோடியம் விளக்கில் பெரும்பாலும் மஞ்சள்தான், அதில் பச்சை எப்படிச் சரியாகத் தெரியும்? இப்போது பல தெருக்களில் எல்.இ.டி. வந்துவிட்டது. நிறம் சரியாகத் தெரிகிறது, ஆனால் புறஊதா அதில் இல்லாததால் பூச்சி வருவது குறைந்துபோனது. டியூப்லைட் இருக்கும் மாடிப்படியை விடாதீர்கள், விம்கோ மாடி.

மணலி வெண்டை
என்னை யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. படம் 4 ஏரியாஸ் விட்டெல்லா. என் ஜென்ம விரோதி.

மாடியில் பதினெட்டுப் பை வெண்டை வைத்திருக்கிறேன். இந்த அந்துப்பூச்சி ராத்திரி வந்து குருத்திலும் மொட்டிலும் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும், கொத்தாக வைக்காது. காய் வருவதற்கு முன்னாலேயே புழு தண்டின் நுனிக்குள் இறங்கிவிடும். காலையில் பார்த்தால் செடி எல்லாம் நன்றாக இருக்க, ஒரு நுனி மட்டும் தலை தொங்கி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றுவோம். கிள்ளிப் பிளந்து பார்த்தால் உள்ளே புழு. பிறகு பூ, பிறகு காய். காயில் ஓட்டை, ஓட்டை வாயில் அதன் கழிவு.

இதற்கு ஒரு பங்காளி உண்டு, ஏரியாஸ் இன்சுலானா. இரண்டும் வெண்டையையும் பருத்தியையும் ஒரே மாதிரிதான் தின்னும், இரண்டும் மடித்த கூரை மாதிரிதான் உட்காரும். ஆனால் வேறுபடுத்துவது இந்த இழையிலேயே சுலபமானது. விட்டெல்லாவின் முன்னிறகு வெளிர், நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு பச்சைப் பட்டை தோளிலிருந்து ஓரம் வரை ஓடும். இன்சுலானாவுக்குப் பட்டை கிடையாது, முன்னிறகு முழுக்கவும் பச்சை. தொல்லை என்னவென்றால், அதே இன்சுலானா சில சமயம் மஞ்சளாகவும் காய்ந்த புல் நிறத்திலும் வரும். வாத்தியார் ஐயா சொன்ன வைக்கோல் வேறு, இது பிறவியிலேயே வைக்கோல்.

அந்துப்பூச்சியில் சந்தேகம் வந்தால் புழுவைக் கேளுங்கள். இன்சுலானா புழுவின் முதுகிலும் பக்கத்திலும் சதை விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். விட்டெல்லா புழுவுக்கு அந்த விரல்கள் இல்லை, பழுப்பில் வெள்ளைத் தீற்றல் மட்டும். எனக்கு இந்த வருடம் வந்தது பெரும்பாலும் விட்டெல்லா. எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை, வைத்தால் மனசு கஷ்டப்படும்.

செம்பருத்தி வீடு
அண்ணா, எங்கள் வீட்டில் வெண்டையே கிடையாது. ஆனாலும் படம் 4 வருகிறதே?

மணலி வெண்டை
உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறதம்மா. செம்பருத்தி, துத்தி எல்லாம் அதற்கு அத்தை வீடு மாதிரி. ரயில் பாதை ஓரம் எங்கே பார்த்தாலும் துத்திதானே? வாடிய நுனியைக் கிள்ளிக் கீழே போடாதீர்கள், நசுக்கியோ சோப்புத் தண்ணீரில் போட்டோ முடியுங்கள். அதற்கு மேல் கேட்டால் மருந்து பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், இங்கே சண்டை வரும்.

தண்டையார்பேட்டை பாதாம்
படம் 3 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது அழகாக இருக்கிறதே என்று நினைக்கிறவர்கள் அதன் புழுவைப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பாதாம் மரம், நாட்டு வாதுமை. போன வருடம் என் தங்கை பையன் கீழே விழுந்த இலையைப் பொறுக்கினான். இலைக்கு அடியில் பச்சைப் புழு, முதுகில் நீலக் கோடு, இரண்டு பக்கமும் முள் கொத்து. பையன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. எரிச்சல், வீக்கம். ஒருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னார், ஒருவர் மண்ணெண்ணெய் என்றார்.

இரவுத்திரை
இரண்டும் வேண்டாம். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் முள் இன்னும் உள்ளே போகும். செல்லோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி உரித்தெடுங்கள், உடைந்த முள் டேப்போடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம். மூச்சுத் திணறலோ முகத்தில் வீக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பையனுக்குப் பரிச்சயமானது பராசா லெபிடாவேதான். நம் பக்கத்தில் தென்னை, மா, ஆமணக்கு, பாதாம் எதையும் விடாது. மரப்பட்டையில் கெட்டியான பழுப்பு ஓடு மாதிரி கூடு கட்டும், சின்ன முட்டை ஒட்டியிருக்கிற மாதிரித் தெரியும். அதன் மேலும் முள் ஒட்டியிருக்கும், சுரண்டாதீர்கள். ஓட்டின் மேல் மூடி மாதிரி வட்டமாகத் திறந்திருந்தால் பூச்சி கிளம்பிவிட்டது என்று பொருள். வெளியே வந்த பூச்சி யாரையும் ஒன்றும் செய்யாது. அதற்குச் சாப்பிடும் வாயே கிடையாது, புழுவாக இருக்கும்போது தின்றதை வைத்துத்தான் மிச்ச நாள்.

பராசாவிலேயே பச்சையும் பழுப்புமாகப் பல இனங்கள் உண்டு. லெபிடாவில் தோள் பக்கம் ஒரு பழுப்புத் திட்டு, வெளி ஓரத்தில் அகலப் பழுப்புக் கரை, இரண்டுக்கும் நடுவே பச்சை. விம்கோ மாடி எடுத்த கோணத்தில் மூன்றும் தெரிகிறது. அதனால்தான் சந்தேகமே இல்லை என்று எழுதினேன்.

பெயர்வேணும்
என் படத்தையும் பாருங்கள். நேற்று வியாசர்பாடியில், கறிவேப்பிலைச் செடித் தண்டில். முக்கோணம், வெளிர் பச்சை, ஒரு சென்டிமீட்டர். ஏரியாஸ் இன்சுலானாதானே? பட்டை இல்லை பாருங்கள்.

மணலி வெண்டை
தொட்டுப் பார்த்தீர்களா?

பெயர்வேணும்
தொட்டேன். டக் என்று குதித்துவிட்டது.

மணலி வெண்டை
அந்துப்பூச்சி குதிக்காது. அது சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி வகை. விரலில் பச்சைச் செதில் தூள் ஒட்டியதா? ஒட்டியிருக்காது. தண்டில் வெள்ளை மெழுகு மாதிரி இருந்திருக்குமே?

பெயர்வேணும்
இருந்தது. சரி, நீக்கிவிடுகிறேன்.

விம்கோ மாடி
எல்லோருக்கும் நன்றி. நான் பாரோட்டிஸிலேயே மாட்டிக்கொண்டேன். அது ஏன் எங்கள் மாடிக்கே இவ்வளவு வருகிறது? கீழே பார்த்தால் வாசலில் அம்மா பூஜைக்கு வைத்த நந்தியாவட்டை. நுனி இலைகள் சிலது நூல் போட்டு ஒட்டியிருக்கின்றன. பிரித்தால் உள்ளே வெளிர் பச்சைப் புழு, படுவேகமாகப் பின்னால் நகர்கிறது. மூன்று இலைச்சுருட்டலைக் காம்போடு எடுத்து மூன்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருக்கிறேன். இது அதுதானா?

இரவுத்திரை
பாரோட்டிஸ் புழுக்கள் நந்தியாவட்டை, ஏழிலைப்பாலை மாதிரி பால் வடிகிற செடிகளில் இலையை ஒட்டிக்கொண்டு உள்ளே இருந்து தின்பவை. வாய்ப்பு அதிகம், ஆனால் வெளியே வரட்டும். கால்களை எண்ணுங்கள். வயிற்றுப் பகுதியில் நாலு ஜோடியும் கடைசியில் ஒரு ஜோடியும் சதைக்கால் இருந்தால் படம் 1 கூட்டம் இல்லை. அதற்கு வயிற்றில் ஒரு ஜோடியும் கடைசி ஜோடியும்தான், அதனால்தான் முதுகை வளைத்து நடக்கிறது.

பாட்டில் வாய்க்குத் துணி கட்டுங்கள், மூடி போடாதீர்கள். இலை தினமும் புதிது, ஈரம் துடைத்து. பால் வடிந்து அடியில் பிசுபிசுக்கும், கீழே ஒரு தாள் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள்.

ராயபுரம் வாத்தியார்
தேதி எழுதி ஒட்டுங்கள் தம்பி. எந்த பாட்டில், என்று எடுத்தது, என்று கூடு கட்டியது. நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் முப்பது வருடம் நினைத்தேன்.

விம்கோ மாடி
கால்களை எண்ணிவிட்டேன், நாலும் ஒன்றும். பாட்டில் இரண்டில் இன்று இலைக்குள்ளேயே மெல்லிய நூலில் கூட்டுப்புழு ஆகிவிட்டது.

விம்கோ மாடி
ஒன்பதாம் நாள் நிலவரம்.

பாட்டில் 1: புழு இறந்துவிட்டது. இலையில் ஈரம் இருந்தது, என் தப்பு.

பாட்டில் 2: நேற்று ராத்திரி வெளியே வந்தது. படம் 5, 6, 7. பச்சைக் கண்ணாடி இறக்கை, மேல் ஓரம் பழுப்பு, நீள உணர்கொம்பு. வயிற்று நுனியில் கரும்பழுப்பு மயிர்க்கற்றை. படம் 2-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதேதான். முன்னிறகின் நடுவில் சின்னக் கறுப்புப் புள்ளியும் இருக்கிறது, படம் 2-இல் அதை நான் தூசி என்று நினைத்தேன்.

பாட்டில் 3: இதுதான் புரியவில்லை. புழு அசையாமல் சுருங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் அரிசி மாதிரி வெள்ளைப் பஞ்சுக் கூடுகள், பதினொன்று. இன்று காலை அதிலிருந்து எறும்பை விடச் சின்னதாகக் கறுப்பு ஈக்கள் மாதிரி வந்து துணியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. படம் 8.

இரவுத்திரை
ஈ இல்லை தம்பி, குளவி. அந்தப் புழு உங்கள் பாட்டிலுக்கு வருவதற்கு முன்பே குளவி அதன் உடம்புக்குள் முட்டை வைத்துவிட்டது. குளவிப் புழுக்கள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டின. நந்தியாவட்டையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், மருந்து அடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். துணியைப் பிரித்துச் செடிக்குப் பக்கத்தில் விட்டுவிடுங்கள்.

படம் 5 முதல் 7 வரை பாரோட்டிஸ். பதிவின் பெயர்ப் பெட்டியில் 'பாரோட்டிஸ், நந்தியாவட்டையில் வளர்த்தது' என்று எழுதுங்கள். வெறும் இனப் பெயரை விட அந்தச் செடியின் பெயர் எனக்குப் பெரிது.

பெயர்வேணும்
பாரோட்டிஸிலும் கூட்டமா?

இரவுத்திரை
ஆமாம். மார்ஜினேட்டா, வெர்டும்னாலிஸ் என்று பக்கத்துப் பக்கத்துச் சொந்தங்கள். அடுத்த மழைக்கு ஏழிலைப்பாலையிலிருந்தும் ஒரு புழுவை யாராவது வளர்த்துக் கொண்டுவந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

கத்திவாக்கம் கடைசிவண்டி
எங்கள் ஆபீஸ் வாசலில் ஏழிலைப்பாலை இரண்டு மரம் நிற்கிறது. பாட்டில் எடுத்துவைக்கிறேன். ஹார்லிக்ஸ் இல்லை, ஊறுகாய் பாட்டில் பரவாயில்லையா?

ராயபுரம் வாத்தியார்
எண்ணெய் வாசனை போகும் வரை கழுவுங்கள். தேதி!